பாஸ்புக் யார் பெட்டியில்?

எங்கள் சேரியில் கூலிக்குப் போகாத பெண் கிடையாது. என் அம்மாவும் களையெடுப்பு, சித்தாள் வேலை, நூறு நாள் வேலை எல்லாம் பார்த்தவர். ஆனால் அவர் பாஸ்புக் அப்பாவின் பெட்டியில்தான் கிடந்தது. இன்றும் பல வீடுகளில் ஏடிஎம் அட்டை கணவன் சட்டைப்பையில் இருக்கிறது. குழுக்கடன் அவள் பெயரில், செலவு அவன் கையில். தவணைக்காரர் வந்து நிற்பதோ அவள் வாசலில்.

இதைப் பேசினால் தோழர்களே "குடும்ப விஷயம்" என்கிறார்கள். பெண்ணுக்குச் சொத்துரிமை தரும் இந்துச் சட்ட மசோதா முடக்கப்பட்டதும், 1951இல் அண்ணல் அமைச்சர் பதவியைத் துறந்ததற்கு ஒரு காரணம். அவருக்கு அது குடும்ப விஷயமாகப் படவில்லை.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இதைப் பொருளாதார வன்முறை என்றே சொல்கிறது. செலவுக்குப் பணம் தர மறுப்பதும், சீதன நகையை விற்றுத் தின்பதும் அதில் அடங்கும். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம்; 181க்கு அழைக்கலாம்.

அக்கா, தங்கச்சிகளே, ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். வங்கியில் உங்கள் செல்போன் எண்ணையே பதியுங்கள். படித்துக் காட்டாத தாளில் கைநாட்டு வைக்காதீர்கள்.

பண்ணையார் கூலியைப் பிடித்துக்கொண்டால் சுரண்டல் என்கிறோம். வீட்டுக்குள் பிடித்துக்கொண்டாலும் அதற்குப் பெயர் அதுதான்.