அருகிலுள்ள அரைநாள்

மணவாழ்வின் வெள்ளிவிழா கண்ட தம்பதியர் நம்மிடம் வந்து, "எங்களுக்குள் பேச எதுவுமில்லை, ஃபாதர்" என்றனர். அறிவுரைக்குப் பதிலாக அரைநாள் கேட்டோம்.

1516-இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய லஸ் ஆலயத்தில் தொடங்கி, கபாலீசுவரர் தெப்பக்குளத்தைச் சுற்றி, மாடவீதியில் காப்பி அருந்தி, 1896-இல் இன்றைய வடிவம் பெற்ற சாந்தோம் பேராலயம் வழியாகப் பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு நடக்கப் பணித்தோம். திரும்புகையில், 2024-இல் லூப் சாலையில் திறக்கப்பட்ட மீன் அங்காடியில் சங்கரா மீன் வாங்கி, இருவரும் சேர்ந்து சமைக்க வேண்டும், அதுவே நிபந்தனை.

மறு ஞாயிறு திருப்பலிக்குப் பின் கணவர் கூறினார்: "மீன் ஆய்ந்தது நான்தான், ஃபாதர். குழம்பில் உப்பு மிஞ்சிவிட்டது. நாங்கள் சேர்ந்து சிரித்து எத்தனை ஆண்டுகளாயின!"

உதகைக்கோ கொடைக்கானலுக்கோ செல்ல வசதியில்லையே என வருந்தும் அன்பர்களே, அந்த அரைநாள் நம் ஊரிலேயே உங்களுக்காகக் காத்திருக்கிறது.