முருகையும் சுண்ணாம்பு நீரும்

நம் கல்லூரி ஆய்வுகூடத்திற் சுண்ணாம்பு நீரினுள் மூச்சை ஊதி, அது பால்போல் வெளுத்ததைக் கண்டோம். அப்பாடம், குளிர்நாடொன்றில் வாழும் எனக்கு இன்று நாள்தோறும் பயன்படுகின்றது.

இல்லத்துக் கண்ணாடித் தொட்டியில், உவர்நீரில், பண்ணையிற் பெருக்கிய முருகைகளை வளர்த்து வருகின்றேன். அவை நீரிலுள்ள கல்சியத்தையும் இருகாபனேற்றையும் கவர்ந்து தம் கற்கூட்டைக் கட்டுகின்றன. அதனால் நீரின் காரத்துவம், அஃதாவது அமிலத்தை ஈடுசெய்யும் ஆற்றல், நாளும் குறையும். இயற்கைக் கடலில் அஃது ஏறக்குறைய 7 ஜெர்மன் பாகை. தொட்டியில் 8 பாகையிற் காத்து வருகின்றேன். குறைந்ததை, இரவிலே தெளிந்த சுண்ணாம்பு நீரைத் துளித்துளியாக விட்டு நிரப்புவேன். ஒரேயடியாக வார்த்தாற் சுண்ணம் படிந்துவிடும், முருகையும் நலியும். அளவு உயர்வதினும் அது மாறாது நிற்றலே முருகைக்கு நலம்.

யான் பிறந்த பனிச்சங்கேணிக்குத் தெற்கேயுள்ள காயங்கேணி முருகைப்பார் 2019இற் சரணாலயமாயிற்று. ஆயினும், உலகின் புகையிலெழும் காபனீரொட்சைட்டை ஏற்று, கடல்கள் மெல்ல அமிலத்தின் பக்கஞ் சாய்கின்றன. தொட்டிக்குச் சுண்ணாம்பு நீர் வார்க்க யானுள்ளேன். அக்கடலுக்கு வார்ப்பார் யார்? ஊரிலுள்ள நண்பர்கள் அம்முருகைப்பாரைக் கண்போற் காப்பாராக!