புள்ளிகள்

தொலைக்காட்சியைப் பழிப்பவர்களும் புகழ்பவர்களும் நிகழ்ச்சிகளைப் பற்றியே பேசுகிறார்கள். படம் எங்கிருந்து, என்ன பாடுபட்டு வந்து சேர்கிறது என்பதை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. எண்பதுகளில் நம் தென்கரையில் டி.வி. வாங்கியவனுக்கு அதுவே முதல் கவலையாக இருந்தது.

சென்னை நிலையம் 1975இலேயே தொடங்கிவிட்டது என்றாலும் அதன் அலைகள் தூத்துக்குடியை எட்டவில்லை. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பமாயிற்று. இங்கே மொட்டைமாடிகளில் இரும்புக் குழாய்கள் உயர்ந்தன. உச்சியில் அலுமினியக் கம்பிகள், கூடவே ஒரு பூஸ்டர். எல்லாம் தென்கிழக்கு பார்த்து. ஒருவன் மேலே நின்று குழாயைத் திருப்ப, கீழேயிருந்து வீடே குரல் கொடுத்தது.

ரூபவாஹினியின் அலைகள் 2524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலை மலையிலிருந்து புறப்பட்டன. அங்கிருந்து தூத்துக்குடி ஏறத்தாழ 350 கிலோமீட்டர். பூமியின் வளைவு குறுக்கிடுவதால் சாதாரணமாக அவ்வளவு தூரம் வரக்கூடாது. ஆனால் கடலையொட்டிக் குளிர்ந்த ஈரக்காற்றும் அதன்மேல் வெப்பமான உலர்காற்றும் அடுக்காகப் படிந்துவிட்டால், அலை வளைந்து கடலோடு தவழ்ந்து வந்துவிடும். அடுக்கு கலைந்தால் படமும் கலையும். பார்க்கிறவனின் கோரிக்கை ஒன்றுதான்: புள்ளி குறைய வேண்டும்.

இந்தக் கோரிக்கையின் வறுமையை 1983 ஜூலை காட்டிற்று. 24ஆம் தேதி இரவு தொடங்கிக் கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மனிதர்களும் எரிந்தார்கள். 28ஆம் தேதி ஜனாதிபதி ஜெயவர்த்தனா தொலைக்காட்சியில் தோன்றிப் பேசினார். பாதிக்கப்பட்ட தமிழர்களுக்கென்று அந்தப் பேச்சில் ஓர் அனுதாபச் சொல் இல்லை. அன்றிரவு காற்று ஒத்துழைத்திருந்தால் அந்த முகம் இக்கரையில் துல்லியமாகவே விழுந்திருக்கும். அனுப்பப்படாத ஒன்றை எந்தப் பூஸ்டரும் பெருக்கித் தராது.

புள்ளிகளை நாம் குறை என்று எண்ணினோம். இடையே ஒரு கடல் இருக்கிறது, அப்பால் ஒரு மலை இருக்கிறது, மலைக்குக் கீழே அனுப்புகிறவன் ஒருவன் இருக்கிறான் என்று அவை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தன. பின்னால் கேபிள் வந்து அவற்றைத் துடைத்துவிட்டது. அனுப்புகிறவனைப் பற்றிய சந்தேகமும் அவற்றோடு துடைபட்டுப் போயிற்று.