அளந்து கிடைக்கும் ஒளி

வானகத் தந்தை தம் கதிரவனை நல்லோர்மீதும் தீயோர்மீதும் உதிக்கச் செய்கிறார் என்று நம் ஆண்டவர் மலைப்பொழிவில் கற்பித்தார். கிடைத்த ஒளியைப் பகிர்ந்துகொள்ளும் பொறுப்போ நம்முடையது. இதனை ஒரு வேனுக்குள் வாழ்ந்த மூன்று நாள்களில் நாங்கள் கற்றோம்.

இங்கிலாந்தில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கர் ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் நார்ஃபோக் மாவட்டத்திலுள்ள வால்சிங்காம் அன்னையின் திருத்தலத்திற்குத் திருப்பயணம் செல்கின்றனர். 1061-ஆம் ஆண்டில் ரிச்செல்டிஸ் என்னும் சீமாட்டிக்கு அன்னை அங்கே காட்சி தந்தார் என்பது மரபு. எங்களோடு வாழும் தாயார் அங்கே மூன்று நாள் தங்கிச் செபிக்க விரும்பினார். அவருக்கு நீரிழிவு நோய். திறவாத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். நாங்கள் தங்கவிருந்த புல்வெளியிலோ மின்இணைப்பு இல்லை.

ஆகவே எங்கள் பழைய வேனின் கூரையில் 100 வாட் சூரியத் தகடுகள் இரண்டைப் பொருத்தினோம். அவற்றின் மின்சாரம் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வழியாக 12 வோல்ட் பேட்டரியில் சேர்கிறது. எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி வேறு. அது ஒரு கணத்தில் பெருஞ்சக்தி தருவது. இதுவோ மணிக்கணக்கில் சிறுகச் சிறுகத் தருவது. கம்பி பழுதுற்றால் தீப்பற்றாதிருக்கப் பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் வைத்தோம்.

110 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பேட்டரியில் பாதியைத்தான் செலவிடலாம். மீறினால் அதன் ஆயுள் குறையும். எனவே எங்கள் கைக்கு எட்டியது சுமார் 650 வாட்-மணி. குளிர்ப்பெட்டிக்கு மட்டும் நாளொன்றுக்கு 400 வாட்-மணி வேண்டும். நல்ல வெயிலில் தகடுகள் 700 வாட்-மணி வரை ஈட்டும். கார்மேகம் மூடினால் 150 தேறுவதே அரிது.

இரண்டாம் நாள் முழுவதும் மழை. மாலையில் அளவுமானியைப் பார்த்த மூத்த மகன், தன் கைப்பேசியையும் தங்கையின் கைப்பேசியையும் மின்னேற்றத்திலிருந்து கழற்றினான். "பாட்டி மருந்துக்குப் போக மிச்சமிருந்தால் எங்களுக்குத் தாருங்கள், அப்பா" என்றான். நாங்கள் அவனிடம் அவ்வாறு சொல்லியிருக்கவில்லை. அன்றிரவு ஒரே சிறு விளக்கின்கீழ்ச் செபமாலை சொன்னோம். மறுநாள் நண்பகலில் வெயில் வந்தது, மருந்து கெடவில்லை.

வீட்டில் பொத்தானைத் தட்டினால் வேண்டுமட்டும் மின்சாரம் கிடைக்கிறது. அதனால் யாருடைய தேவை முந்தியது என்று கேட்க நமக்கு வாய்ப்பே வருவதில்லை. குறைவு வந்தபோது எங்கள் பிள்ளைகள் அதைக் கேட்டார்கள். நலிந்தவரை முதலில் நிறுத்தினார்கள். பணத்திலும் நேரத்திலும் பரிவிலும் இக்கேள்வி நம் இல்லங்களில் நாள்தோறும் எழுவதாக.