கணினிக்குள் ஒரு ரேடியேட்டர்

எஞ்சினுக்கு ரேடியேட்டர் எதற்கு என்று ஒரகடத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ 1998-இல் வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்துக்கு ரெனோ-நிஸான் ஆலை, அதன் பின்னாலேயே பாரத்பென்ஸ் லாரி. நடுவில், 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி செய்ய வந்தது. 2007-இல் டெல் கணினி செய்ய வந்தது. காருக்குக் கூலன்ட் நிரப்புகிறவரும் மதர்போர்டு சோதிக்கிறவரும் ஒரே சாலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற வட்டாரம் இது. அந்த இருவர் தொழிலும் ஒரே பெட்டிக்குள் வந்து சேர்வதுதான் கஸ்டம் வாட்டர் கூலிங்: கணினிச் சிப்பின் சூட்டைத் தண்ணீரில் வாங்கி, ரேடியேட்டரில் ஆற்றி, மறுபடி சிப்புக்கே அனுப்பும் சுற்று. இந்தச் சுற்றுக்கு லூப் என்று பெயர்.

இது வெறும் சொல்லழகு இல்லை. மேல்நாட்டில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கியவர்கள், பழைய கார்களின் ஹீட்டரிலிருந்து கழற்றிய செம்பு, பித்தளைச் சுருள்களைத்தான் ரேடியேட்டராக வைத்தார்கள். பம்பு, மீன்தொட்டிக் கடைச் சரக்கு. 2004-இல் ஆப்பிள் தன் பவர் மேக் ஜி5 கணினிக்குத் தண்ணீர்க் குளிர்விப்பு வைக்க நினைத்தபோது, அதைச் செய்துகொடுத்தது கார் உதிரிபாகம் செய்யும் டெல்ஃபி. அதே டெல்ஃபி டிவிஎஸ்ஸோடு கூட்டுச் சேர்ந்து டீசல் பம்பு செய்த ஆலை ஸ்ரீபெரும்புதூர் வட்டத்து மண்ணூரில்தான் இருக்கிறது. அந்த ஆப்பிள் கணினிகளில் சில பின்னாளில் கசிந்து, பெட்டியின் அடிப்பக்கத்தையே அரித்ததும் உண்டு. ஆகவே கசிவுக்குப் பயப்படுகிறவர்களைக் கேலி செய்ய வேண்டாம்.

இவ்வளவு பாடு எதற்கு? இன்டெல் ஐ9-14900கே முழு மூச்சில் ஓடும்போது 253 வாட் வரை இழுக்கும். என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு மட்டும் 450 வாட். இரண்டும் சேர்ந்தால் 700 வாட்டுக்கு மேல். மேசைக்கடியில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு அணைக்காமல் உட்கார்ந்திருக்கிற கணக்கு. அந்தச் சூட்டில் பெரும்பகுதி இரண்டு சின்ன சிலிக்கான் துண்டுகளில் பிறக்கிறது. ஒரே கொள்ளளவுக்குப் பார்த்தால், தண்ணீர் காற்றைப்போல் ஏறக்குறைய 3,500 மடங்கு சூட்டைத் தாங்கும். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடவிட்டால், அந்த 700 வாட்டையும் வாங்கிக்கொண்டு இரண்டரை டிகிரி மட்டும் சூடேறி வெளியே வரும். எண்ணிப் பார்த்தால் ஆச்சரியம்தான்.

மாட்டும் வேலைக்கு வருவோம். ஐ.டி.ஐ. படித்த ஒரு ஃபிட்டர் கையில் இதைக் கொடுத்தால் பாதி வேலை கண்ணை மூடிக்கொண்டு நடக்கும். சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் வாட்டர் பிளாக்கின் நான்கு ஸ்க்ரூவையும் குறுக்காக, மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். வீல் நட் போட்டவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? ஆனால் மீதிப் பாதியில் அவருடைய பழக்கமே அவருக்கு எதிரி. குழாய் என்றாலே டெஃப்லான் டேப்பைத் தேடும் கை, இங்கே சும்மா இருக்க வேண்டும். கால் அங்குல ஃபிட்டிங்குகளில் கசிவைத் தடுப்பது மரையில்லை, அடியில் இருக்கும் ஓ-ரிங். ஸ்பேனர் போட்டு ஒரு சுற்று அதிகம் திருகினால் அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல் விழும். கையால் இறுக்கினால் போதும்.

பிறகு கசிவுச் சோதனை. பம்புக்குப் போகும் கனெக்டரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, பவர் சப்ளையின் 24 பின் கனெக்டரில் பச்சை வயர் வரும் பின்னையும் கறுப்பு வயர் வரும் பின்னையும் ஒரு ஜம்பரால் இணைத்தால் பம்பு மட்டும் ஓடும். தண்ணீரே அதன் பேரிங்குக்கு எண்ணெய் என்பதால், தொட்டி வற்றி ஒரு நிமிடம் ஓடினாலும் பம்புக்கு ஆபத்து. ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பர். பெட்டியை முன்னும் பின்னும் சாய்த்தால், ரேடியேட்டருக்குள் ஒளிந்திருந்த காற்று கொப்புளித்து வெளியேறும். குழாயில் சலசலப்பு அடங்கும். பொறுமைசாலிகள் இப்படியே ஒரு நாள் முழுக்க ஓடவிடுவார்கள். டிஷ்யூவில் சின்ன ஈரப் பொட்டு தெரிந்தால், மறுபடி முதலிலிருந்து.

எந்தத் தண்ணீர் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கேன் தண்ணீர் கூடாது. அதில் உப்பு இருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் தேவலை. அதிலும் பாசி பிடிக்காமல் இருக்க மருந்து, துரு பிடிக்காமல் இருக்க மருந்து சேர்க்க வேண்டும். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே கொட்டினாலும் ஒன்றும் ஆகாது என்று தைரியம் சொல்வார்கள். நம்ப வேண்டாம், செம்பையும் நிக்கலையும் சில வாரம் தொட்டு ஓடிய பிறகு அந்தத் தண்ணீர் சுத்தமாக இருக்காது. உள்ளூரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்றைய காரின் அலுமினிய ரேடியேட்டரைக் கொண்டுவந்து செம்பு பிளாக்கோடு இணைப்பதும் வினைதான். இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் நின்றால், உள்ளே ஒரு மின்கலமே உருவாகி அலுமினியத்தைத் தின்றுவிடும்.

தண்ணீரின் தரம் இந்த வட்டாரத்துக்குப் புதிய கவலை இல்லை. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு கிடந்தது. அதே ஆண்டு, சென்னையின் கழிவுநீரை ஆர்.ஓ. வரை கொண்டுபோய்ச் சுத்திகரிக்கும் நிலையம் கோயம்பேட்டில் இயங்கத் தொடங்கியது. திறன், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் குழாய் வழியே ஆலைத் தண்ணீராக வருவது அதுதான். ஊரே இப்படி ஒரு பெரிய லூப்பில் இருக்கும்போது, மேசைக்கடியில் ஓடும் ஒரு லிட்டருக்கு இத்தனை கெடுபிடி செய்வது நியாயமாகத்தான் படுகிறது.

இனி, விற்பவர்கள் அழுத்திச் சொல்லாத விஷயம். ரேடியேட்டர், அறைக் காற்றுக்குக் கீழே தண்ணீரை ஒரு டிகிரிகூட இறக்காது. நன்றாக அமைத்த லூப்பில் தண்ணீர் அறையைவிடச் சுமார் 10 டிகிரி சூடாக இருக்கும்; பிராசஸர் அதற்கும் மேலே. மே மாதப் பகலில் மொட்டை மாடி அறை 38 டிகிரி என்றால் தண்ணீர் 48. சிப்பிலிருந்து எடுத்த 700 வாட் எங்கும் போய்விடவில்லை, அதே அறைக்குள்தான் ஊதப்படுகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் அதில் வேகிறார், கணினி சுகமாக இருக்கிறது. ஒரு டன் ஏ.சி. வெளியேற்றும் சூடு ஏறக்குறைய 3,500 வாட். அதைப் போட்டு அறையை 26-க்குக் கொண்டுவந்தால் தண்ணீரும் சிப்பும் தாமாகவே 12 டிகிரி இறங்கும், ஒரு ஃபிட்டிங்கும் மாட்டாமலே.

ஆகவே கையில் பணம் சேர்ந்தால் முதலில் ஏ.சி. வாங்குங்கள், அடுத்து நல்ல ஏர் கூலர் ஒன்றை பிராசஸரில் மாட்டுங்கள். பெரும்பாலோருக்கு அதுவே போதும். அதன் பிறகும் கை அரித்தால் தாராளமாக லூப் போடுங்கள். வருடம் ஒரு முறை தண்ணீரை வடித்து மாற்ற மட்டும் மறந்துவிடாதீர்கள்.