கை பழகிய மொழி

ஊரிலிருந்து யார் அழைத்தாலும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, கோடிங் ரவுண்டுக்குப் பைத்தானா, ஜாவாவா?" நான் திருப்பிக் கேட்பேன்: "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாம எதுல எழுதுவே?"

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கல்லூரியில் சி, வேலையில் ஆறு வருடம் ஜாவா. வேலை மாற நினைத்தபோது, பைத்தானில் பாதி வரி போதும் என்றார்கள் நண்பர்கள். இரண்டே வாரம் படித்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். 45 நிமிடம். கட்டங்கள் நிறைந்த ஒரு பரப்பில் இந்த மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுகிய வழி கண்டுபிடிக்க வேண்டும். பலமுறை போட்டுப் பழகிய கணக்கு. போய்வந்த கட்டங்களைக் குறித்துவைக்க ஓர் அட்டவணை தேவை. ஒரு வரிசையை உண்டாக்கி, அதை அப்படியே வரிசைகளின் எண்ணிக்கையால் பெருக்கினேன். ஒரே வரியில் முடிந்தது. ஓட்டிப் பார்த்தால், வழியே இல்லை என்று பதில் வந்தது.

பைத்தானில் அப்படிப் பெருக்கினால் புது வரிசைகள் பிறப்பதில்லை. இருக்கும் ஒரே வரிசையைத்தான் எல்லா இடமும் சுட்டிக்கொண்டிருக்கும். ஒரு கட்டத்தைக் குறித்தால் அந்த நெடுவரிசை முழுவதும் குறிபட்டுவிடும். அது தெரியாமல், சரியாகவே இருந்த தேடல் முறைக்குள் இருபது நிமிடம் பிழை தேடினேன். ஜாவாவில் இரட்டை அடுக்கு அரேயைக் கேட்டால் வரிசைகள் தனித்தனியாகவே வரும். என் கைக்கு அந்தப் பழக்கம்தான் இருந்தது.

பைத்தானை நான் குறை சொல்லவில்லை. தினமும் அதில் எழுதுகிறவருக்கு அதைவிட நல்ல துணை இல்லை. அதில் முழு எண்ணுக்கு உச்சவரம்பு கிடையாது. ஜாவாவில் 2147483647-ஐத் தாண்டினால் எண் சத்தமில்லாமல் எதிர்மறையாகிவிடும். ஜாவா நூலகத்தின் பைனரி சர்ச்சிலேயே நடு இடத்தைக் கணக்கிடும் கூட்டலில் இந்தப் பிழை ஒன்பது வருடம் போல ஒளிந்திருந்ததை 2006-இல் அந்த நூலகத்தை எழுதியவர்களில் ஒருவரான ஜோஷுவா பிளாக் எழுதினார். ஆனால் பைத்தானுக்கும் தனிக் குணங்கள் உண்டு. லிஸ்டின் தலையிலிருந்து ஒன்றை எடுத்தால் மீதி எல்லாம் ஓரிடம் நகரும். அதற்கு இரு முனையிலும் எடுக்க வசதியான டெக் (deque) வேண்டும். ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைத்துக்கொண்டு போனால் ஆயிரம் ஆழத்தை நெருங்கும்போதே நின்றுவிடும். வரிசை கலையாமல் சேர்த்துக்கொண்டே போக, ஜாவாவின் ட்ரீமேப் போல ஒன்று அதன் சொந்த நூலகத்தில் இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் 10, 9, 1 என்ற எண்களை அப்படியே சார்ட் செய்தால் 1, 10, 9 என்று வரும். எழுத்துகளாக நினைத்து அடுக்குகிறது. எந்த மொழியில் எங்கே இடறுவோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கிறதோ, அதையே எடுக்கச் சொல்கிறேன். தேர்வுக்கு ஒரு மாதத்துக்குள் மொழி மாற்றாதீர்கள் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இப்போது கேள்வி கேட்கும் இடத்தில் இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு பெண் சி மொழியை எடுத்தார். இரண்டு சொற்களில் ஒரே எழுத்துகள் இடம் மாறி இருக்கின்றனவா என்று பார்க்கும் கணக்கு. "சி-யில ஹேஷ் டேபிள் கூட கிடையாதே, பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

"எல்லாம் சின்ன இங்கிலீஷ் எழுத்துன்னா 26 இடம் உள்ள அரே போதும் சார்."

பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். எனக்கு ஆசை விடவில்லை. "இதே ப்ரோகிராம்ல 'தமிழ்'னு கொடுத்தா நீளம் எவ்வளவு வரும்?"

கொஞ்சம் யோசித்தார். "15 சார். நமக்கு மூணு எழுத்து. யூனிகோடுல மி-யோட கொக்கியும் ழ்-மேல இருக்கிற புள்ளியும் தனித்தனி, ஆக அஞ்சு. யுடிஎஃப்-8ல ஒவ்வொண்ணும் மூணு பைட்." அவரே தொடர்ந்தார்: "தமிழுக்கு யூனிகோடுல இருக்கிற முதன்மைப் பகுதியில 128 இடம். பைட்டைச் சேர்த்துப் படிச்சு, 26-ஐ 128 ஆக்கிட்டா போதும்."

"அப்போ 'மிக', 'மகி' ரெண்டும்?"

பேனா நின்றது. இரண்டிலும் அதே ம, அதே க, அதே கொக்கி. ஆனால் எழுத்துகள் வேறு. 128-ஐ அடித்துவிட்டு, கொக்கியை அதன் மெய்யோடு ஒட்டும் ஒரு ஸ்ட்ரக்ட் எழுத ஆரம்பித்தார். நேரம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை.