சாம்பார் கிடைக்கிற ஊருக்குப் படிக்க வருகிறவர்களுக்கு

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் குளிர், தனிமை, வாய்க்குப் பிடிக்காத சாப்பாடு என்று ஆரம்பிப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து பினாங்குக்கு வருகிற பிள்ளைக்கு இந்த மூன்று கஷ்டமும் கிடையாது. ஜார்ஜ் டவுனில் மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் போனால் பூக்கடை, பாட்டுச் சத்தம், வாழையிலைச் சாப்பாடு. குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் 1833-இலிருந்து இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்பட்டால், வழி நெடுகத் தேங்காய் உடைப்பதில் சீனர்களும் முந்திக்கொண்டு நிற்பார்கள். ஊரைவிட்டு வந்ததாகவே தோன்றாது. எனக்குக் கவலை அங்கேதான்.

பள்ளிக்கூட வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று குளுகோரில் இருக்கிறேன். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் பக்கத்தில்தான். 1969-இல் நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1971-இல் வெள்ளைக்காரப் பட்டாளம் காலி செய்துவிட்டுப் போன மிண்டன் முகாமுக்கு மாறி வந்தது. எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் பலரை நான் அறிவேன். நல்ல பிள்ளைகள். நான்கு பேர் ஒரு வீடு எடுப்பார்கள், முறை வைத்துச் சமைப்பார்கள், ராத்திரி படம் பார்ப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா போவார்கள். வந்த இரண்டே வாரத்தில் செட்டில் ஆகிவிட்டோம் என்று வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள். படிப்பு முடிந்து கிளம்பும்போது பார்த்தால் நன்றி சொல்லும் 'தெரிமா காசே'வுக்கு மேல் ஒரு வார்த்தை மலாய் வந்திருக்காது. கூடப் படித்த சீனப் பையன் வீடு எந்தப் பக்கம் என்றும் தெரியாது. இவர்கள் பினாங்கில் இருந்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

இந்த ஊரிலிருந்து வெளியே படிக்கப் போனவர்களுக்கு இந்த வசதி இருக்கவில்லை. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த வூ லியன் தே, அரசியார் உபகாரச் சம்பளம் பெற்று 1896-இல் கேம்பிரிட்ஜுக்கு மருத்துவம் படிக்கப் போனார். அப்போது வயது 17. அங்கே அவருக்கு மார்க்கெட் ஸ்ட்ரீட் ஏது? பழகித்தான் தீர வேண்டியிருந்தது. பின்னாளில் மஞ்சூரியாவில் பிளேக்கை அடக்கியவர் அவர்தான். அதே பள்ளியில் படித்த துங்கு அப்துல் ரஹ்மான் கதை வேறு. கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்கியதோடு சரி, சட்டப் படிப்பு இழுத்துக்கொண்டே போய், கடைசியில் 1949-இல்தான் முடித்தார். அப்போது அவருக்கு 46 வயது. எட்டு வருஷத்தில் நாட்டின் முதல் பிரதமர். எனவே ஒரு பருவத்தில் பாடம் தவறிவிட்டது என்று மூலையில் முடங்குகிற பிள்ளைகளிடம் நான் துங்குவைத்தான் சொல்வேன். பெற்றோருக்கு இந்த உதாரணம் பிடிப்பதில்லை.

ஊரோடு பழகுவதைச் சாப்பாட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். கடையநல்லூர், தென்காசி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், சோற்றையும் கறியையும் காவுதடியில் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடுதான் நாசி கண்டார். இன்றைக்கு அந்த வரிசையில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் தட்டோடு நிற்கிறார்கள். வகுப்பு நண்பர்களோடு போய் நாலு குழம்பையும் ஒன்றாக ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டுப் பாருங்கள். சைவமாக இருந்தால், தமிழ்ச் சாப்பாட்டுக் கடையை மட்டும் தேடி அலைய வேண்டாம். புத்த மதச் சீனர்கள் நடத்தும் சைவக் கடைகள் இங்கே நிறைய உண்டு. அவர்களுடைய மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே உட்கார இடம் கிடைக்காது. அன்றைக்கு விரதமிருக்கும் சீன நண்பன் ஒருவன் உங்கள் வகுப்பிலேயே இருப்பான். கேட்டால்தானே தெரியும்.

பட்டப்படிப்புக்கு வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு மலாய்ப் பாடம் ஒன்று கட்டாயம். பரீட்சையோடு அதை மறந்துவிடுகிறார்கள். காய்கறிக்காரரிடமும் பஸ் ஓட்டுநரிடமும் தப்புத் தப்பாகப் பேசிப் பார்த்தால் போதும், யாரும் சிரிக்கமாட்டார்கள். சீனப் பிள்ளைகள் தங்களுக்குள் ஹொக்கியெனில் பேசினால் உங்களை ஒதுக்குகிறார்கள் என்று எண்ண வேண்டாம். நாமும் தமிழ் ஆள் ஒருவரைக் கண்டால் அதைத்தான் செய்கிறோம்.

எங்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உள்ளூர்த் தமிழரிடம் "எந்த ஊர் அண்ணே?" என்று கேட்கிறீர்கள். அவர் "பட்டர்வொர்த்" என்கிறார். "அது சரி, சொந்த ஊர்?" என்று மறுபடியும் கேட்கிறீர்கள். பட்டர்வொர்த்தான் தம்பி அவருக்குச் சொந்த ஊர். நாலு தலைமுறைக்கு முன் தோட்டத்துக்கோ துறைமுகத்துக்கோ வந்தவர்களின் வம்சத்தினர் நாங்கள். "பசியாறிட்டீங்களா?" என்று அன்பாக விசாரிப்போம். அதற்காகத் தமிழ்நாட்டு அரசியலில் எங்களைக் கட்சி சேர்க்காதீர்கள்.

காகித விஷயம் சுருக்கமாக. மாணவர் அனுமதிக்கு உங்கள் கல்வி நிலையம் வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். சுற்றுலாவாக வந்து இறங்கு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் ஏஜெண்டிடம் பணம் கட்டாதீர்கள். படித்துக்கொண்டே தினமும் வேலை செய்யலாம் என்பதும் பொய். ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில், வாரம் 20 மணி நேரம் வரைக்கும், அதுவும் குடிநுழைவுத் துறை அனுமதியோடு, சில வகை இடங்களில் மட்டும் செய்யலாம். வகுப்புக்கு மட்டம் போட்டால் அனுமதியைப் புதுப்பிப்பதில் சிக்கல் வரும். கடப்பிதழைப் பத்திரம் என்று சொல்லி யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். நம் ஊர் பிளக் இங்கே நுழையாது, மூன்று சதுர முனை வேண்டும். அதை வந்து வாங்கிக்கொள்ளலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் 'ரஜூலா' கப்பலில் மதராஸிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ ஏறினால் பினாங்கைப் பார்க்க ஒரு வாரம் ஆகும். கடிதம் அதைவிட மெதுவாக வரும். இப்போது கையிலேயே வீடியோ. ஆனால் இங்கே மணி இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே சாப்பாடு முடிந்து பத்து மணிக்கு நீங்கள் அழைத்தால் பிள்ளைக்கு நடுநிசி தாண்டி பன்னிரண்டரை. காலை எட்டு மணி வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளை பாதி நேரம் உங்கள் வீட்டுக் கூடத்திலேயே குடியிருக்கிறது. வாரம் இரண்டு நாள் பேசுங்கள், போதும்.

அடுத்த பருவத்துக்கு வருகிற தம்பிகளே, தங்கச்சிகளே, சுங்கை டுவாவில் அறை தேடும்போது வீட்டுக்காரர் "உங்க ஊர்ப் பிள்ளைங்க மூணு பேர் இருக்காங்க, நாலாவதா சேர்ந்துக்கலாம்" என்பார். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இன்னொரு வீட்டையும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.